சாம்பல் கலந்த சிமெண்ட் கலப்படம் அல்ல

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள வாளையார், சித்தூர் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், “பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமெண்டில் சாம்பலைக் கலந்து ஏமாற்றுகிறார்கள், சிமெண்ட், கான்கிரீட் பற்றிப் படிக்கும் பொறியாளருக்கு வேலையும் கிடையாது” என்று சுற்றிவரும் தகவலின் இரு பகுதிகளும் தவறானவை. அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலை 15 முதல் 35 விழுக்காடு வரை சேர்க்க இந்தச் சிமெண்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1489 இடமளிக்கிறது. சிமெண்ட் நீருடன் வினைபுரியும்போது வெளிப்படும் சுண்ணாம்பைச் சாம்பலிலுள்ள சிலிக்கா பிணைத்துக்கொள்வதால் கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபடுகின்றன என்றாலும், வலு மெதுவாகத்தான் ஏறும் என்பதால், சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் போதுமென்னும் கான்கிரீட் தரநிலையான ஐஎஸ் 456 இதற்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் விடச் சொல்கிறது. பாதியில் நிறுத்திவிட்டுச் சிமெண்டைத் திட்டுவதில் நியாயமில்லை. கலவை விகிதம் வகுக்கவும், 150 மில்லிமீட்டர் கனசதுரங்களை 28ஆம் நாளில் அழுத்தி உடைத்துச் சோதிக்கவும் கான்கிரீட்டைக் கலந்தே அனுப்பும் ரெடிமிக்ஸ் ஆலைகளும் சோதனைக்கூடங்களும் பொறியாளர்களையே அமர்த்துகின்றன.