பசுமை நகரம் வேண்டாம், இருக்கிற தெருவை மாற்றுவோம்

சென்னையில் ஓஎம்ஆர் பக்கமோ ஜிஎஸ்டி ரோடு பக்கமோ போனால் வழிநெடுக விளம்பரப் பலகைகள். மரம், ஏரி, பறவை, சோலார், சைக்கிளில் போகும் குடும்பம். விலை மட்டும் கோடியில். போய்ப் பார்த்தால் பல இடங்களில் நேற்றுவரை வயலாகவோ ஏரிக்குத் தண்ணீர் வரும் பாதையாகவோ இருந்த நிலம். அங்கே குடியேறுகிறவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் காரை எடுத்தே ஆக வேண்டும். இதற்குப் பெயர் பசுமை வாழ்க்கை என்றால் எனக்கு ஒப்புதல் இல்லை.

என் வாதம் ஒன்றே ஒன்று. சூழலுக்கு இசைந்த குடியிருப்பு வேண்டுமென்றால் அதை ஏற்கெனவே நிற்கிற தெருவில் செய்ய வேண்டும். மந்தைவெளி, மேற்கு மாம்பலம், பெரம்பூர், ராயபுரம் மாதிரிப் பழைய பேட்டைகளில் சிமென்ட்டும் இரும்பும் செங்கல்லும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், காய்கறி மார்க்கெட் எல்லாம் நடந்துபோகும் தூரம். புது டவுன்ஷிப் எத்தனை மரம் நட்டாலும் இதைக் கொண்டுவர முடியாது.

இதே யோசனையில் தொடங்கிய ஓர் இடம் அமெரிக்காவில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் லோயிஸ் ஆர்கின் என்ற பெண்மணியும் அவரது நண்பர்களும் முதலில் போட்ட திட்டம், ஊருக்குள் சும்மா கிடந்த ஒரு பழைய குப்பைமேட்டு நிலத்தில் புதிதாக ஒரு சூழல் கிராமம் கட்டுவது. 1992-ல் கலவரம் வெடித்து அந்த அம்மாள் வசித்த பகுதியிலேயே கடைகள் எரிந்தன. எரிந்த தெருவை விட்டுவிட்டு வேறெங்கோ போய் நல்ல வாழ்க்கை கட்டுவதில் என்ன நியாயம் என்று கேட்டுக்கொண்டு, 1993-ல் தாங்கள் குடியிருந்த இரண்டு தெருக்களிலேயே வேலையை ஆரம்பித்தார்கள். முதல் வேலை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு பழ மரம் நடுவதும் தோட்டம் போடுவதும் சேர்ந்து சாப்பிடுவதும்தான். 1996-ல், தெரிந்தவர்களிடம் சிறுசிறு கடனாகத் திரட்டி, அங்கிருந்த 40 வீடுகள் கொண்ட ஒரு பழைய அடுக்குமாடியை வாங்கினார்கள். கார் வைத்துக்கொள்ளாதவர்களுக்கு வாடகையில் சிறு கழிவு கொடுத்தார்கள். அங்கே ஒரு வீட்டுச் சமையலறையில் ஆரம்பித்த சைக்கிள் ரிப்பேர் பட்டறை பின்னாளில் அந்த நகரத்துக்கே பேர் சொல்லும் அமைப்பாக வளர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பிற்பாடு அந்த நிலத்தை ஒரு சமூக அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். தெரு அழகானதும் ஒரு பில்டர் வந்து விலை பேசி எல்லோரையும் கிளப்பிவிட முடியாது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம்ம ஊருக்கு முதல் பிரச்சினை தண்ணீர். சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 1400 மி.மீ. மழை பெய்கிறது. 2000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவது கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் லிட்டர். சேதாரம் போக இரண்டு லட்சம் என்று வைத்தாலும் 12,000 லிட்டர் லாரியில் பதினாறு லோடுக்கு மேல். 2015 டிசம்பரில் இதே ஊர் மூழ்கியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் வந்தது. நான்கே வருட இடைவெளி.

மழைநீர் சேகரிப்பை 2003-ல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தவர் சேகர் ராகவன். 2002-ல் அவர் தொடங்கிய, மழைநீர் சேகரிப்பைச் சொல்லித்தரும் மழை இல்லம் எங்கள் மந்தைவெளியில்தான் இருக்கிறது. சட்டம் வந்ததும் எல்லாரும் குழாய் மாட்டினார்கள், கிணறுகளில் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தோம். அப்புறம்? பல கட்டடங்களில் அந்தக் குழாய் இன்று சுவரோடு நிற்கிறது, கீழே குழி மண்ணடைத்துக் கிடக்கிறது. பராமரிப்பு யார் பொறுப்பு என்று யாரும் பேசவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் பழைய உறைக்கிணறு ஒன்று இருந்தது. தனி வீடாக இருந்த காலத்துக் கிணறு. ஃப்ளாட் கட்டியபோது சிலாப் போட்டு மூடி, மேலே கார் நிறுத்திவிட்டார்கள். அதைத் திறந்த அன்று கூட நின்று பார்த்தேன். கிணறு தூர்வாரும் பெரியவர் முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். அணையாமல் எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆளை இறங்கவிட்டார். வாளி வாளியாகக் கருஞ்சேறு வந்தது, பிளாஸ்டிக் குடம் வந்தது, உடைந்த உறைத்துண்டு வந்தது. அதற்கடியில் சுத்தமான மணல். அந்த மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, "இது குடிக்கும்மா, எவ்வளவு விட்டாலும் குடிக்கும்" என்றார். மொட்டை மாடிக் குழாயை ஜல்லியும் கூழாங்கல்லும் நிரப்பிய ஒரு சின்னத் தொட்டி வழியாகக் கிணற்றில் விட்டார்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீர் வெளியே போக ஒரு மூடி. அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

ஆனால் ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை. நிலத்தடிக்குக் காம்பவுண்டு சுவர் கிடையாது. ஒருவர் விடும் தண்ணீர் பக்கத்து போர்வெல்லில் ஏறும், ஒருவர் அளவுக்கு மீறி உறிஞ்சினால் எல்லார் கிணறும் இறங்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலோரப் பகுதியில் உறிஞ்சிய இடத்துக்கு உப்புத் தண்ணீர் ஏறி வரும். நாலு வீடு சேர்ந்தாலும் போதாது, தெருவே சேர வேண்டும். அரசு நகரத்தைப் பார்க்கிறது, நாம் நம் வீட்டைப் பார்க்கிறோம், நடுவில் இருக்கும் தெருவுக்கு ஆளில்லை.

தெருவே சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்வீடனில் மால்மோ நகரத்து ஆகஸ்டன்போரி என்ற குடியிருப்பைச் சொல்வேன். 1950 வாக்கில் கட்டிய சாதாரண வாடகை வீடுகள். மழை பெய்தால் தரைக்கடித் தளங்களில் தண்ணீர் புகும். 1998-ல் தொடங்கி, குடியிருப்பவர்களையும் உட்கார வைத்துப் பேசி, மழைத் தண்ணீரைப் புதைகுழாயிலிருந்து பிரித்துத் திறந்த வாய்க்கால்களிலும் குளங்களிலும் ஓடவிட்டார்கள். கூரைகளில் செடி வளர்த்தார்கள். 2014 ஆகஸ்டில் பேய்மழையில் மால்மோவின் பல பகுதிகள் மூழ்கியபோது இந்தப் பேட்டை பெருமளவு தப்பித்தது. குளமும் வாய்க்காலும் வெட்டி வாழ்ந்த ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

குப்பை விஷயம் இதைவிட எளிது. சமையலறைக் கழிவு, காய்ந்த சருகு, கொஞ்சம் புளித்த மோர், மூடி போட்ட ஒரு மண்பானை. சருகு குறைந்தால் நாறும், சரியாகப் போட்டால் மண் வாசனைதான் வரும். இதைத் தெருவுக்கு ஒரு மூலையில் செய்யலாம், சருகைக் கொளுத்துவதும் நிற்கும்.

எனக்கு உண்மையான கவலை ஆட்களைப் பற்றி. சுற்றுச்சூழல் என்று பேச ஆரம்பித்ததுமே நம் அசோசியேஷன்களில் முதலில் கை வைப்பது இஸ்திரி வண்டி மேல்தான். அடுத்து பூக்காரம்மா, செருப்பு தைப்பவர், பழைய பேப்பர் கடை. தெருவைச் சுத்தமாக்குகிறோம் என்று சொல்லியே இவர்களை அப்புறப்படுத்துகிறார்கள். அறுந்த செருப்பைக் குப்பைக்குப் போகாமல் தடுப்பவர் யார்? பாட்டிலையும் அட்டையையும் இரும்பையும் கிலோக்கணக்கில் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிற காயலான் கடைக்காரர், நாம் சூழல் என்ற வார்த்தையைக் கற்றுக்கொள்வதற்கு முன்பிருந்தே இந்த வேலையைச் செய்கிறார். அவரை வெளியேற்றிவிட்டு மூன்று கலரில் தொட்டி வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பெரிய அளவிலும் இதேதான் நடந்திருக்கிறது. கூவத்தைச் சீரமைக்கிறோம் என்று கரையோரக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஆற்றங்கரையில் ஆபத்தில் வாழ்ந்தவர்களைக் கொண்டுபோய் வைத்தது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில். வேலை இங்கே, வீடு அங்கே, நடுவில் பல கிலோமீட்டர் பஸ் பயணம். அந்தச் சதுப்புநிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் பெற்றது. ஆற்றைக் காப்பாற்றிய கணக்கில் அந்த மக்களின் பயணத்தையும் வெள்ளத்தையும் யார் எழுதினார்கள்?

லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் நிலத்தை அறக்கட்டளைக்கு எழுதியதன் அருமை இங்கேதான் தெரிகிறது. தெருவில் மரமும் தண்ணீரும் வந்தால் வாடகை ஏறும். ஏறினால் முதலில் வெளியே போவது குழி தோண்ட மண்வெட்டி பிடித்த வாடகைக்குடும்பம்தான். நம் அசோசியேஷன் கூட்டங்களில் ஓனர்களுக்கு மட்டும் ஓட்டு. துபாயிலோ நியூ ஜெர்ஸியிலோ இருக்கிற ஓனருக்கு ஓட்டு உண்டு, அதே வீட்டில் வருஷக்கணக்காகக் குடியிருந்து லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறவருக்கு இல்லை. நகர்ப்புறங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை என்று 2022-ல் விதிகள் வந்திருக்கின்றன. பகுதி சபையில் ஓனரா டெனன்டா என்ற கேள்வி இல்லை, வாக்காளராக இருந்தால் போதும். தெருவின் தண்ணீரையும் குப்பையையும் நடைபாதையையும் பேச வேண்டிய இடம் அது. நம்மில் எத்தனை பேர் போகிறோம்?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், எங்கள் அசோசியேஷனின் செப்டம்பர் கூட்டத்தில் நான் வைக்கப்போகும் தீர்மானத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் மூடிக்கிடக்கும் எல்லாக் கிணறுகளையும் திறந்து தூர்வார வேண்டும். செலவு ஓனர்களுடையது, அதைச் சாக்காக வைத்து வாடகை ஏற்றக் கூடாது. இஸ்திரி வண்டி இப்போது நிற்கும் மரத்தடியிலேயே நிற்கும், அதற்கு ஒரு மின் இணைப்பும் நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும். தீர்மானத்தின் மேல் டெனன்ட்களும் ஓட்டுப் போட வேண்டும்.