மஞ்சள் கோடு மட்டும் போதாது

கிடங்குகளில் சரக்கைத் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பற்றி, “அது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது, பிரேக்கை மிதித்தால் அங்கேயே நின்றுவிடும், நடப்பவர்களுக்குப் பாதையைக் காட்டும் மஞ்சள் கோடும் ஒளிரும் மேலங்கியும் போதும்” என்று நினைப்பது ஆபத்தான தவறு. மணிக்கு 10 கி.மீ. என்பது நொடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர், ஓட்டுநர் ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே வண்டி ஏறக்குறைய அவ்வளவு தூரம் ஓடியிருக்கும். அதன் பிறகும், பாரத்தோடு சட்டென்று நிறுத்தினால் சரக்கு முன்னே சரியும், வண்டியே குப்புறச் சாயவும் கூடும் என்பதால், பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கவும் முடியாது.

இதைவிட அதிகம் மறக்கப்படுவது வண்டியின் பின்புறம். பெரும்பாலான ஃபோர்க்லிஃப்ட்களில் திரும்புபவை பின்சக்கரங்கள். ஆகவே, முன்பகுதி வளைவுக்குள் நுழையும்போது கனமான பின்பகுதி வெளிப்பக்கமாக வீசித் திரும்பி, கோட்டுக்குள் ஒழுங்காக நிற்பவரையும் ரேக்கோடு சேர்த்து நசுக்கிவிடக்கூடும். மேலங்கி உதவும்தான்; ஆனால் பாலெட் எனும் சரக்குத் தட்டில் உயரமாக அடுக்கிய சுமைக்கு அப்பால் நிற்பவரின் மேலங்கி எவ்வளவு ஒளிர்ந்தென்ன, ஓட்டுநருக்குத் தெரியப்போவதில்லை.

நடப்பவர்களுக்குத் தனி வாசல், பாதையோரம் இரும்புத் தடுப்பு, கடக்குமிடத்தில் நின்று தன் பக்கம் இழுத்துத் திறக்க வேண்டிய சிறு கதவு ஆகியவற்றை முதலில் அமைத்துவிட்டு, அவற்றுக்கு வழியே இல்லாத இடங்களில்தான் கோட்டை நம்ப வேண்டும்.