இளஞ்சிவப்பு வளையம் வேகாத ரத்தம் அல்ல

“ஸ்மோக்கரில் (விறகுப் புகையில் சமைக்கும் அடுப்பில்) புகையூட்டிய இறைச்சியின் ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் தெரிந்தால் அது வேகாத ரத்தம், தூக்கி எறியுங்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

விறகுப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு, இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது. டெக்சாஸில் மாட்டு நெஞ்சுக்கறியை இப்படிச் சமைப்பவர்கள் அந்த வளையத்தைப் பெருமையாகக் காட்டுவார்கள். பெரும்பாலும் உள்ளே 90 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகுதான் அதை இறக்குவார்கள். அதில் வேகாதது எங்கே?

சரி, சிவப்பே இல்லையென்றால் வெந்துவிட்டதா? அதுவும் நிச்சயமில்லை. எலும்பில் படாமல், தடிப்பான இடத்தில் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். கோழிக்கு 74 டிகிரி வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்புப் பக்கத்தில் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.