ஜே.ஏ.பி. இன்ஜின் பிற்காலத்தில் மாற்றப்பட்டதல்ல
புதுப்பிக்கப்பட்டுள்ள, 1920களைச் சேர்ந்த ஒரு பிரஃப் சுப்பீரியர் எஸ்எஸ்100 பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளின் இன்ஜின் உறையில் ‘ஜே.ஏ.பி.’ என்ற எழுத்துகள் இருப்பதால், அசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்திவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. நாட்டிங்ஹாமில் இவ்வண்டிகளைத் தயாரித்த ஜார்ஜ் பிரஃப், 1924இல் அறிமுகமான எஸ்எஸ்100க்கு, லண்டன் டாட்டன்ஹாமில் இருந்த ஜே.ஏ.பிரெஸ்ட்விச் (ஜே.ஏ.பி.) நிறுவனத்தின் ஏறத்தாழ 1000 சிசி வி-ட்வின் (V வடிவில் இரு சிலிண்டர்கள் கொண்ட) இன்ஜினையும் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் கியர்பாக்ஸையும் வாங்கியே பொருத்தினார். மேட்ச்லெஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் இன்ஜினுக்கு எஸ்எஸ்100 மாறியது 1930களின் பிற்பகுதியில்தான். பிறர் செய்த பாகங்களை நுணுக்கமாக இணைத்து, மணிக்கு 100 மைல் வேகத்துக்கு உத்தரவாதம் தந்து விற்றதே, என் பார்வையில், அவருடைய பெரும் சாதனை. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப்படும் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி.இ.லாரன்ஸ் 1935இல் விபத்துக்குள்ளான எஸ்எஸ்100இலும் ஜே.ஏ.பி. இன்ஜினே இருந்தது. அசல்தன்மையில் ஐயம் இருந்தால், இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் தொழிற்சாலைப் பதிவு அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.