அட்டையை விட நாட்காட்டி முக்கியம்

வெளிநாட்டவரோடு வணிகம் பேசும்போது கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறைகள் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். ஜப்பானியர் நீட்டும் முகவரி அட்டையை இரு கைகளாலும் வாங்க வேண்டும் என்று கட்டுரையாளர் சொல்வது சரி. வாங்கியதும் படிக்காமல் சட்டைப்பையில் திணித்தால் அந்த மரியாதை வீண். பேச்சு முடியும்வரை மேசைமேல் இருக்கட்டும். ஆனால் ‘அரபு நாடுகள்’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறாரே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. சவூதி அரேபியாவில் 2013 முதல் வெள்ளி, சனி விடுமுறை. ஐக்கிய அரபு அமீரகத்தின் மத்திய அரசு அலுவலகங்களோ 2022இல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டன. அங்கே வெள்ளி அரைநாள் வேலை. இதுகூடத் தெரியாமல் வெள்ளிக்கிழமை சவூதித் தலைநகர் ரியாத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பதில் இல்லையே என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, விலையைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் மௌனமானால் உடனே பதறித் தள்ளுபடியை அறிவிக்காதீர்கள். மனிதர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம்.