பிங் வருகிறது, பதில்தான் வரவில்லை

பழைய சீரியல் கருவியை நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி ஒன்றோடு மல்லுக்கட்டுகிறேன். பிங் (பெட்டி பதில் தருகிறதா என்று தட்டிப் பார்க்கும் சோதனை) போகிறது. போர்ட் திறந்திருக்கிறது. இணைப்பும் கிடைக்கிறது. திரையில் மட்டும் கேள்விக்குறியும் கட்டமுமாகக் கொட்டுகிறது! பாட் ரேட், அதாவது சீரியல் வேகம், 9600-ஆ, 115200-ஆ? பிழையைக் கண்டுபிடிக்கும் பேரிட்டி பிட் உண்டா, இல்லையா? ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்புத் தரம் வந்தது 1960-இல். இன்னும் இதை நாமே ஊகிக்க வேண்டுமாம். சீரியல் அமைப்புகளை நெட்வொர்க் வழியாகவே மாற்றிக்கொள்ள 1997-லேயே ஆர்எஃப்சி 2217 என்ற நெறிமுறை ஆவணம் வந்துவிட்டது. என் கைக்கு வரும் பெட்டிக்கு மட்டும் அது தெரியாது.

சரி, எழுத்து ஒழுங்காக வந்தால் அடுத்த கூத்து: 'போர்ட் பயன்பாட்டில் உள்ளது.' யார் பயன்படுத்துகிறார்கள்? எப்போதோ அறுந்துபோன என் பழைய இணைப்பேதான்! லினக்ஸில், மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கீப்-அலைவ் இயல்பாக 2 மணி நேரம் கழித்துத்தான் விசாரிக்கவே கிளம்பும், அதுவும் யாராவது அதை இயக்கி வைத்திருந்தால். அதுவரை செத்தவனுக்கு நாற்காலி, உயிரோடு இருப்பவனுக்கு வாசற்படி.

அப்புறம் பைனரி கோப்பு அனுப்பிப் பாருங்கள். தரவோடு கட்டளைகளும் கலந்து போகும் டெல்நெட் முறையில் பெட்டி இருந்தால் 255 என்ற பைட்டைக் கட்டளை என்று நினைத்து விழுங்கிவிடும். தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் ஆர்டியூ இன்னும் மோசம். 3.5 எழுத்து நேர மௌனத்தை வைத்துத்தான் செய்தி முடிந்ததென்று அது அறியும். நெட்வொர்க்கில் தரவைக் கொண்டுபோகும் டிசிபிக்கு ஏது மௌனம்? இஷ்டத்துக்குப் பிரிக்கும், சேர்க்கும். கடைசியில் ஒரு பிழைச் செய்தி: 'கேபிளைச் சரிபார்க்கவும்.' எந்தக் கேபிளை ஐயா? அது இருப்பது இன்னொரு ஊரில்!