இலைக் கணக்கு யார் பெயரில்?

அப்பா இறந்து பதினான்கு மாதம் ஆகியும் தேயிலை விற்கும் எங்கள் இலைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் அப்பா பெயர்தான் இருந்தது. இலை எடுக்கும் ஏஜென்ட் வண்டி வரும். அம்மா மூட்டையை இழுத்து வந்து தராசில் வைப்பார். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டு ஏஜென்ட் எடை எழுதுவார். எழுதுவது இறந்துபோனவர் கணக்கில். பறித்தவர் பக்கத்திலேயே நிற்பார்.

கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. தாத்தா உருளைக்கிழங்கு போட்டு, அதில் சேர்த்த காசில் வாங்கிய நிலம். அப்புறம் கிழங்கு போய்த் தேயிலை வந்தது, ஊர் முழுக்க அப்படித்தான். செடியை வெட்டிவிடும் கவாத்துக்கும் மருந்தடிக்கவும் அப்பா ஆள் பிடிப்பார். பறிப்பது முப்பத்தொரு வருடமும் அம்மாதான். அவர் வலது கை ஆள்காட்டி விரலில் நகத்தடியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு ஓடும். காம்பைக் கிள்ளிக் கிள்ளி வெடித்த தோலுக்குள் தேயிலைக் கறை இறங்கி உட்கார்ந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் புறப்படும் முந்தின ராத்திரி புளி போட்டுத் தேய்ப்பார். போகாது. கல்யாணத்தில் அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே பந்தியில் உட்காருவார்.

ஒரு முறை வங்கிப் படிவம் நிரப்பும்போது தொழில் என்ற இடத்தில் 'விவசாயி' என்று எழுதினேன். அம்மா பதறிப் போய்த் தடுத்தார். "அப்படிப் போடாதடி, பட்டா எங்கன்னு கேப்பாங்க." அவர் பயத்தில் தப்பில்லை. நம் ஊரில் விவசாயி என்றால் பட்டாவில் பெயர் உள்ளவர். பிஎம் கிசானில் வருடத்துக்கு 6,000 ரூபாய் வருவதும் அவருக்குத்தான். காலை எட்டு மணிக்கு அட்டைப்பூச்சிக்குப் பயந்துகொண்டு ஈரச் செடிக்குள் இறங்குகிறவருக்குப் பெயர் 'வீட்டம்மா'.

போன வருடம் அண்ணன் போன் செய்தார். "வர்ற புதன்கிழமை வந்துரு பாப்பா, ஒரே ஒரு கையெழுத்துதான். அம்மாவும் போடுறாங்க." என் அண்ணன் கெட்டவர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைக் காலேஜ் சேர்க்க அப்பா யோசித்தபோது எனக்காகப் பேசியவர் அவர். தன் மகளைக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்க வைக்கிறார். பொண்ணும் பையனும் எனக்கு ஒண்ணுதான் என்று மனசாரச் சொல்கிறவர். என் அப்பா தலைமுறையில் அப்படிச் சொன்ன ஆண்கள் எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. எங்கள் தெருவில் இன்று நர்ஸ் இருக்கிறாள், பேங்க் வேலைக்குப் போகிறவள் இருக்கிறாள். மாற்றம் வந்திருக்கிறது, நான் மறுக்கவே இல்லை. அந்த மாற்றம் பத்திரம் எழுதும் இடத்துக்குள் மட்டும் இன்னும் வரவில்லை.

பத்திர எழுத்தர் தட்டச்சு செய்து வைத்திருந்தது விடுதலைப் பத்திரம். எந்தப் பணமும் பெறாமல், அன்பினாலும் பிரியத்தினாலும் என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று அதில் வாசகம். இரண்டு முறை படித்தேன். தங்கை மேல் உள்ள அன்பினால் அண்ணன் விட்டுக்கொடுத்த பத்திரத்தை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் அன்பு ஒரே திசையில்தான் பத்திரமாகிறது.

எனக்கு அப்போது அத்தை ஞாபகம் வந்தார். தாத்தா காலமான பிறகு, 1994-இல், இதே மாதிரி ஒரு கையெழுத்தை அத்தை அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தார். ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். கையில் 2,000 ரூபாய். பிற்பாடு மாமா படுக்கையில் விழுந்தபோது அத்தை அடுத்தவர் தோட்டங்களில் கூலிக்கு இலை பறித்தார். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத் தோட்டத்திலேயே பறித்திருக்கிறார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கூப்பிட்டு வேர்க்கடலை கொடுப்பார். என் காலேஜ் ஃபீஸ் கட்டியது இந்த ஒன்றரை ஏக்கர் இலைக் காசில். அதில் அத்தையின் பங்கும் இருந்தது என்பது எனக்கு உறைத்தது அந்தப் பத்திர எழுத்தர் மேசை முன்னால்தான்.

சட்டம் பற்றி நம் ஊரில் நிறையக் குழப்பம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒருவர் தானே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன், மகள், அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவரும், எல்லாருக்கும் சம பங்கு. இது 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அத்தைக்கு அப்போதே பங்கு உண்டு. யாரும் சொல்லவில்லை. பூர்வீகச் சொத்தில்தான் மகனுக்குப் போலப் பிறப்பால் வரும் பங்கு மகளுக்கு இல்லாமல் இருந்தது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929-இல். அதைத் தமிழ்நாடு சட்டமாக்கியது 1989-இல். அறுபது வருடம்! அதிலும் 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத்தில் அந்த விலக்கும் போனது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த விற்பனையையும், பதிவான அல்லது கோர்ட் தீர்ப்பில் முடிந்த பாகப்பிரிவினையையும் தொட முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மலையின் தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் போன்ற பட்டியல் பழங்குடிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பினோமே என்பார்கள். அந்த நகை கணவர் வீட்டுக் கடனுக்குப் போய் எத்தனையோ வருடமாகிறது. எங்கள் வீட்டில் மட்டுமா? பங்கு என்பது வருடா வருடம் காய்ப்பது, சீர் ஒரு நாளில் முடிந்துபோவது. இரண்டையும் எப்படி ஒரே தட்டில் வைப்பது? நிலம் துண்டு துண்டாகிவிடும், 50 சென்ட்டை வைத்து என்ன செய்வாய் என்றும் கேட்டார்கள். நான் துண்டு போடவே கேட்கவில்லை. கூட்டுப் பட்டாவில் மூன்று பேர் பெயரும் இருக்கட்டும், இலைக் காசு அம்மா கணக்குக்குப் போகட்டும், அவ்வளவுதான். ஆனால் என்னை உலுக்கியது வேறு ஒரு வார்த்தை. "பங்கு கேட்டா பொறந்த வீட்டுக் கதவு சாத்திரும்." சொன்னது பெரியம்மா. அவரும் ஒரு காலத்தில் கையெழுத்துப் போட்டவர். பெண்கள் கையெழுத்துப் போடுவது சட்டம் தெரியாததால் மட்டும் இல்லை. நாளைக்குக் கணவன் அடித்தால், நோய் வந்தால், ஓடிப் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலுக்குக் கொடுக்கும் விலைதான் அந்தக் கையெழுத்து. தன் வீட்டுக்குள் நுழைய ஒருத்தி ஏன் விலை கொடுக்க வேண்டும்?

நான் போடவில்லை. அம்மா போடத் தயாராகத்தான் வந்திருந்தார். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு பத்திர எழுத்தரிடம் கேட்டார், "இதுல போட்டா இலைக் காசு யாருக்குங்க வரும்?"

"உங்க பையனுக்குத்தாம்மா. எல்லாம் அவர் பேருக்கு மாறிரும்."

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்தார். "அப்ப இருக்கட்டும்" என்று சொல்லிப் பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

நாலு மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. இப்போதும் போன் செய்தால் அம்மாவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறார். பொங்கலுக்கு வந்தார், நான் குன்னூரிலிருந்து வரும் முன் கிளம்பிவிட்டார். எனக்கு வலிக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, விண்ணப்பம் போட்டு, கூட்டுப் பட்டா வந்துவிட்டது. அந்த விண்ணப்பத்தில் கடைசியில் அவரும் கையெழுத்துப் போட்டார், அதை நான் மறக்க மாட்டேன்.

இதைப் படிக்கும் அக்கா தங்கைகள் யாரையாவது அடுத்த வாரம் ஒரு கையெழுத்துக்குக் கூப்பிட்டிருந்தால், முதலில் பத்திரத்தின் நகலை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். உங்கள் பங்கு எத்தனை சென்ட் என்று கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகும் அண்ணனுக்கோ தம்பிக்கோ கொடுக்கத் தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். கூடவே அம்மாவிடமும் கேளுங்கள். விட்டுக்கொடுக்கச் சொல்வது பாதி நேரம் அவர் பங்கையும் சேர்த்துத்தான்.

புது நோட்டு போட்ட அன்றைக்கு நானும் தோட்டத்தில் இருந்தேன். ஏஜென்ட் பதினோரு வருடமாக எங்கள் இலையை எடுக்கிறவர், நல்ல மனிதர். மூட்டையை நிறுத்துவிட்டு, நோட்டின் முதல் பக்கத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு, அம்மாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "உங்க பேரு என்னங்கம்மா?"